துடைக்கக் கூடாத தகடு

என் மாமியாருக்குத் தூசி என்றால் ஆகவே ஆகாது. எங்கள் வீட்டில் யாராவது கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவர்களையும் சேர்த்துத் துடைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குப் பாலைவனத்தில் சோலார் தகடு துடைக்கும் வேலை. நானும் அதே குழுதான். வீட்டிலும் அவர், வேலையிலும் அவர், என் தலையெழுத்து.

துடைப்பதால் உண்மையிலேயே மின்சாரம் கூடுகிறதா என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் இரண்டில், அந்தந்த நிமிடம் வரும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் மாட்டினார்கள். ஒன்றைத் தினமும் துடைக்க வேண்டும், மற்றதை ஒரு மாதம் தொடவே கூடாது. வித்தியாசம் தெரியாவிட்டால் எங்கள் குழுவை அனுப்பிவிடுவார்கள். எங்கள் இருவர் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்த அழுக்குத் தகட்டைக் கடக்கும்போதெல்லாம் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பல்லைக் கடித்துக்கொண்டு மாதத்தை ஓட்டினார்.

கடைசி நாள் இன்ஜினியர் வந்து பார்த்தார். இரண்டு மீட்டரிலும் ஒரே எண். அவர் உதட்டைப் பிதுக்கினார். தொடக்கூடாத தகட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு.

"நான்தான் சார். காலையில கைப்பழக்கத்துல துடைச்சிட்டேன்," என்றார் மாமியார்.

நம்புகிறேன், ஆனால் கண்ணால் பார்த்த எண்ணைத்தானே எழுத முடியும் என்றார் இன்ஜினியர். அதில் தப்பு சொல்ல முடியாது.

மாமியார் காலையில் துடைத்த துணியை எடுத்துவந்தார். ஒரு மாதத் தூசி அதில் பொதிந்திருந்தது. தூசியைக் கண்டாலே எரிந்து விழுகிறவர், அந்தச் சுத்தமான கண்ணாடியின் மேல் துணியைத் தன் கையாலேயே உதறினார்.

மாவு சலித்தது போல மெல்லியதாகப் படிந்தது, அவ்வளவுதான். கண்ணாடியின் நீலம்கூட மறையவில்லை. ஆனால் மீட்டர் எண் இறங்கியது. நின்றுவிடும் என்று நினைத்தேன், இன்னும் இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வானத்தில் ஒரு மேகம் இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஒரு பிடிக்குக் காணாத தூசி அந்தச் சூரியனையே குறைத்துவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்ஜினியர் தன் கைக்குட்டையால் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தார். எண் ஏறியது. மீண்டும் துடைத்தார், மீண்டும் ஏறியது. குழு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றார்.

மாமியார் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா அழுக்கை எடுக்கறேன்னுதானே நினைச்சிட்டிருந்தேன்," என்றார் என்னிடம். "இவ்வளவு வெளிச்சத்தையா எடுத்துக் குடுத்திருக்கேன்?"

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.