மயிரிழை

செய்தி வந்தபோது நான் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை, முகச்சவரத்துக்குத்தான் போயிருந்தேன். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை இருக்கும்போது கைபேசி அடித்தது. திருத்தணியிலிருந்து தணிகாசலத்தின் மனைவி கஸ்தூரி. "அண்ணா, காலைல காபி குடிச்சிட்டு பேப்பர் பாத்துகினு இருந்தாரு. அப்படியே போயிட்டாரு" என்றாள். நுரையோடு எழுந்து தெருவில் போய் நின்றேன். கடைக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து முகத்தைத் துடைத்துவிட்டார். மறு கன்னத்தை மழித்துக்கொள்ளத் தோன்றவில்லை. அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர்கள், மறைந்தவரை "அவர்" என்று எழுதும்படி கேட்டுக்கொண்டார்கள். நாட்டுக்காக ஆறேழு தேசங்களில் நீந்தியவர், மரியாதை வேண்டாமா என்றார்கள். வேண்டும்தான். ஆனால் நாற்பது வருடம் "டேய்" என்று கூப்பிட்டவனை இப்போது "அவர்" என்றால் எங்கிருந்தாவது சிரித்துவிடுவான். ஆகவே அவன் என்றே எழுதுகிறேன். அவனைத் தெரிந்த நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

தணிகாசலம் பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவுக் குடும்பம். நீச்சல் கற்றது விவசாயக் கிணற்றில். நான் சென்னைப் பையன். நீல ஓடு பதித்த குளத்தில், மணிக்கணக்குக்குக் கட்டணம் கட்டிக் கற்றவன். மாநிலப் போட்டி ஒன்றில் அவனை முதன்முதலாகப் பார்த்தேன். பத்துக் கை வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்தான். அப்படிப் பார்த்தும் இரண்டாவதாக வந்தான். எங்கள் பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டு, மேலே என்னடா பார்க்கிறாய் என்று கேட்டார். "எவனாச்சும் குதிப்பான் சார்" என்றான். கிணற்றில் நீந்துகிறவன் மேலே பார்க்காவிட்டால் தலையில் ஆள் விழும். அந்தப் பழக்கத்தை விடுவிக்கப் பயிற்சியாளருக்கு ஒரு வருடம் பிடித்தது. விட்டபின் அவனை என்னால் எளிதில் பிடிக்க முடியவில்லை.

இருவருக்கும் ஒரே பந்தயம், இருநூறு மீட்டர் பட்டர்ஃப்ளை. ஒருமுறை அவன், ஒருமுறை நான் என்று மாறி மாறி ஜெயித்தோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் ஒரே அலுவலகத்தில், எதிரெதிர் மேசை. வெளியூர்ப் போட்டிகளில் ஒரே அறை. தறிச்சத்தம் இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதைத் தறி என்று நினைத்துக்கொள்வான். அவன் பாட்டுக்குத் தூங்குவான், நான் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பேன்.

ஆசிய நாடுகளின் போட்டிக்குப் பத்து மாதம் இருக்கும்போது பைக்கிலிருந்து விழுந்து என் வலது தோள் பிசகியது. பட்டர்ஃப்ளையை இனி மறந்துவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தணிகாசலம் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆறுதல் சொல்வான் என்று பார்த்தால், கொண்டுவந்த ஆரஞ்சை அவனே உரித்துத் தின்றான். கிளம்பும்போது மட்டும், "ஆங், பாத்துக்கலாம்" என்றான். போட்டியாளன் ஒழிந்தான் என்று உள்ளுக்குள் சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது என் புத்தி அவ்வளவுதான்.

அதிலிருந்து அவன் சவரம் செய்துகொள்வதை நிறுத்திவிட்டான். முடியும் வளர்ந்தது, தாடியும் வளர்ந்தது. நீச்சல்காரர்கள் பெரிய போட்டிக்கு முன் காலில் இருக்கும் முடியைக்கூட மழித்துக்கொண்டு போவார்கள். இவன் மார்பு வரை தாடியை விட்டுக்கொண்டு வந்தான். ஏதோ வேண்டுதல் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எதற்கு என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. வேண்டிக்கொண்டது நிறைவேறும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

இதற்கிடையில் என் தோள் தேறியது. மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கி, தேர்வில் அவனுக்கு அடுத்ததாக வந்து அணியில் இடம் பிடித்தேன். விமானம் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பு பயிற்சியாளர் அவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். தொப்பிக்குள் முடியைத் திணித்துவிடலாம், தாடியை எங்கே திணிப்பாய், ஒவ்வொரு வீச்சுக்கும் தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கிறதே என்று கத்தினார். நாளைக்குள் மழித்துவிட்டு வராவிட்டால் பேரை எடுத்துவிடுவேன் என்றார். தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு, "எடுத்துடுங்க சார்" என்றான். அவனைவிட வேகமாக நீந்த நாட்டில் அப்போது ஆள் இல்லை. பயிற்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்துப்போனார்.

போன இடத்தில் அவனைச் சாமியார் என்று நினைத்துப் புகைப்படக்காரர்கள் சுற்றி வந்தார்கள். இறுதிப் போட்டியில் எனக்கும் அவனுக்கும் பக்கத்துப் பக்கத்து லேன். கடைசி ஐம்பது மீட்டரில் அவன் கை என் கைக்கு நேராக விழுவதைப் பார்த்துக்கொண்டே நீந்தினேன். சுவரைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தால், பலகையில் நான் மூன்றாவது, அவன் நான்காவது. இருவர் நேரத்திலும் கடைசி எண் மட்டும்தான் வேறு. எனக்கு வெண்கலம். அவன் கயிற்றைத் தாண்டி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். தாடியைப் பிழிந்துகொண்டே, "மயிரிழைல போச்சுடா" என்று சிரித்தான். எல்லோரும் சொல்கிற பேச்சுத்தானே என்று நானும் சிரித்தேன்.

ஊர் திரும்பிய வாரமே திருத்தணிக்கு வா என்றான். அவன் முடியிறக்கிக்கொண்டிருக்க, நான் வெளியே அவன் அம்மாவோடு நின்றேன். அந்த அம்மாள் என் வலது தோளைத் தொட்டுத் தடவிப் பார்த்தார்.

"இப்ப நோவு இல்லையே நைனா?"

இல்லை என்றேன்.

"டாக்டர் கைவிட்டுட்டாருன்னு வந்து அழுதானாம் சாமிகிட்ட. நீ போய் நீந்தி முடிக்கிற வரிக்கும் கத்தி படாதுன்னு வேண்டிக்கினானாம். நேத்துதான் எங்ககிட்டயே சொன்னான்."

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் பிச்சை வாங்கிய மாதிரி ஆகிவிட்டதே! மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தவனைப் பிடித்து, இப்போதே குளத்துக்கு வா, இன்னொரு தடவை நீந்திப் பார்த்துவிடலாம் என்றேன். அவன் தலையைத் தடவிக்கொண்டான். "இப்ப எனக்குச் சாதகம்டா. முடி வளரட்டும்" என்றான். முடி வளர்ந்ததும் கேட்டேன். இப்போது உனக்குச் சாதகம் என்றான். பதக்கத்தை அவன் பைக்குள் தெரியாமல் போட்டு அனுப்பினேன். ஒரு வாரத்தில் புது லுங்கியில் சுற்றி, அவன் அம்மா சுட்ட முறுக்கோடு பார்சலில் திரும்பி வந்தது. நீந்தினது உன் கை, என் தாடி இல்லை என்று ஒரு சீட்டும் இருந்தது. நாலாவது வந்ததில் அவனுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. "நாலாவதா வந்தவனை யாரும் மேடைல ஏத்தித் தொந்தரவு பண்ண மாட்டான்" என்பான்.

ஓய்வுக்குப் பின் திருத்தணியிலேயே வீடு கட்டிக்கொண்டான். தினமும் காலையில் மலைப்படி ஏறி இறங்கி, சட்னி போதவில்லை என்று கஸ்தூரியோடு சண்டை போட்டு, நன்றாகவே வாழ்ந்தான். கஸ்தூரி அவனுக்கு மாமன் மகள். "பாவா" என்று கூப்பிட்டே அவனை அடக்கிவிடுவாள். எனக்கு ஐம்பது வயதில் முடி கொட்டிவிட்டது. அவனுக்கோ கடைசி வரை அடர்த்தி. போன பொங்கலுக்குக்கூட, இப்போதாவது வருகிறாயா என்று கேட்டேன். என் வழுக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உனக்குச் சாதகம். சரிப்படாது" என்றான்.

அன்று ஒரு கன்னம் மட்டும் மழித்த முகத்தோடு அவன் அருகே போய் நின்றேன். துக்கத்துக்கு வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மறுநாளும் கடைக்குப் போகவில்லை. பதினாறாம் நாள் கஸ்தூரி என் தாடியைப் பார்த்து, "எதுக்கு வேண்டிகினு இருக்கீங்கண்ணா?" என்று கேட்டாள். சொல்லக் கூடாதும்மா என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். உண்மையில் நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. மழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நாற்பது நாள் ஆனதும் குளத்துக்குப் போனேன். தாடியோடு தண்ணீரில் இறங்கியது வாழ்க்கையில் அதுவே முதல்முறை. இந்த வயதில் இருநூறு மீட்டர் ஆகாது. ஒரே ஒரு நீளம் பட்டர்ஃப்ளை அடித்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் யாரோ தாடையைப் பிடித்துப் பின்னால் இழுப்பது போலிருந்தது. நாற்பது நாள் தாடிக்கே இந்த இழுப்பு. அவன் பத்து மாதத் தாடியோடு என் பக்கத்திலேயே வந்திருக்கிறான். சுவரைத் தொட்டதும் பழக்கத்தில் பக்கத்து லேனைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போய் இந்தத் தாடியை இறக்கிவிடுவேன். பதக்கத்தை இனி யாருக்கும் அனுப்பப்போவதில்லை, நானே வைத்துக்கொள்வேன். அந்தப் பந்தயத்தைப் பற்றி யாராவது கேட்டால், தணிகாசலம் மயிரிழையில் தோற்றான் என்றுதான் சொல்வேன். அந்த இழையை எனக்காக வளர்த்திருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.