தங்கை இறங்க மறுத்த கார்

கனடாவுக்கு நாங்கள் நான்கு பேர் விண்ணப்பித்திருந்தோம். மூன்று பேருக்குத்தான் அனுமதி வந்தது. எனக்கு, என் மனைவிக்கு, இரண்டு வயது மகனுக்கு. என் தங்கை மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்.

தங்கைக்கு அப்போது இருபத்தாறு வயது. பேச்சும் பிடிவாதமும் ஐந்து வயதுக் குழந்தையுடையவை. தானே சாப்பிடுவாள், தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா இந்த அனுமதி வருவதற்கு முந்தின வருஷம் இறந்தாள். சாகும்போது தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. வாங்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பாள்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி கேட்டாள்: "போக வேண்டாம்னா வேண்டாம். எனக்கு இந்த ஊரே போதும். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் போக விரும்பினேன். தொழிற்சாலையில் எட்டு வருஷமாக ஒரே மேஜையில் குனிந்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் என்னைத் தாண்டிப் போயிருந்தார்கள். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "அங்க போய் நிலைச்சதும் திரும்ப எழுதிப் போடலாம், அவளையும் கூப்பிட்டுக்கலாம்" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஓசூர் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு இல்லம் இருந்தது. எங்கள் மாதா கோயில் சாமியார் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு போய்ப் பேசினேன். தங்கைக்கு அங்கே இடம் கிடைத்தது. விற்க மீதம் இருந்தது வீட்டுச் சாமான்களும் காரும்தான்.

அது அப்பா வாங்கிய சின்ன இங்கிலீஷ் கார். திரும்பும் பக்கத்தைக் காட்ட, விசையைத் தட்டினால் கதவோரத்திலிருந்து ஒரு ஆரஞ்சு நிறக் கை வெளியே நீளும். தங்கை அதைக் காது என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீடு இருந்த ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து காக்ஸ் டவுன் வழியாக அல்சூர் ஏரிக்கரை வரை ஒரு சுற்று. ஒவ்வொரு முக்கிலும் பின்சீட்டிலிருந்து குரல் வரும்: "காது தூக்கு அண்ணா." சில வாரம் அவளுக்குக் காரணமில்லாமல் அழுகை வந்து மூன்று நாள் நிற்காது. அப்போதெல்லாம் அவளைக் காரில் ஏற்றி ஒரு சுற்று போனால் அடங்கிவிடுவாள்.

அந்தக் காலத்தில் புதுக் காருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பழைய காருக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களெல்லாம் தங்கையைப் பார்த்துத் திகைத்தார்கள். யாராவது வண்டியைத் தொட்டால் போதும், ஓடி வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வாள். இறங்கச் சொன்னால் முன்சீட்டின் முதுகைக் கட்டிக்கொண்டு கத்துவாள். ஒரு டாக்டர் நல்ல விலை சொன்னார், ஆனால் அவளைப் பார்த்ததும், "இவங்களை உள்ளே கூட்டிட்டுப் போங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மறுநாள் அத்திபெலேயிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வந்தார். ஐம்பது வயது இருக்கும். வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு. தங்கை வழக்கம்போல ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"அத்த ஏன் சார் எறக்குறீங்க? குந்திகினே இருக்கட்டும், உடுங்க" என்றார் அவர்.

அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் முக்கில் பின்னாலிருந்து குரல் வந்தது: "காது தூக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் விசையைக் காட்டினேன். கை வெளியே நீண்டதும் தங்கை கை தட்டினாள். அடுத்த முக்கில் அவள் சொல்வதற்கு முன்பே அவர் தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஜீவனஹள்ளி தாண்டி, ரயில் கேட்டில் நின்றபோது, "எங்க வூட்ல மூணும் பசங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தொகை சொன்னார். டாக்டர் சொன்னதைவிடக் குறைவு. நான் அதிலும் குறைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். "எனக்கு ஒண்ணு செய்யணும்" என்று ஆரம்பித்து, தங்கையை விடப்போகும் இல்லம் அவர் ஊருக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது, வாரம் ஒரு முறை அவளை ஏற்றி ஒரு சுற்று போய்விட்டு வந்தால் விலையில் இருநூறு தள்ளிக்கொள்ளலாம் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காசு கொறைக்க பேடா சார், வாணாம். கொறைச்சா அது கூலி ஆயிடும். ஞாயித்துக்கெழம மண்டி லீவு. நான் வர்றேன்."

அதே வாரம் தங்கையை இல்லத்தில் கொண்டுபோய் விட்டேன். அங்கேயே வாசலில் வியாபாரி சாவியை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மனைவியால் வர முடியவில்லை. தங்கைக்குத் தலை பின்னி, புது கவுன் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். வழியெல்லாம் தங்கை குஷியாக இருந்தாள். நெடுந்தூரச் சுற்று என்று நினைத்திருக்க வேண்டும்.

இல்லத்து வாசலில் வண்டி நின்றதும் அவள் இறங்கவில்லை. உள்ளேயிருந்து பெரிய சிஸ்டர் வந்து கூப்பிட்டார். வியாபாரி மரத்தடியில் தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் பின்கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஞாயித்துக்கிழமை இதே வண்டி வரும்" என்றேன்.

"நீ?"

"நானும் வருவேன்."

உடனே இறங்கிவிட்டாள். சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான்தான் வரப்போகிறேனே. வியாபாரி அதைக் கேட்டுவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உடட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று நடந்தே வந்தேன். நான்காம் நாள் பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து கப்பல்.

போய்ச் சேர்ந்த புதிதில் சிஸ்டர் எழுதிய கடிதங்கள் ஆறுதலாக இருந்தன. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ஞாயிறு தவறாமல் கார் வருகிறது. நான்கு மாதம் கழித்து வியாபாரியே ஒரு கடிதம் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பையனின் கையெழுத்து. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதியிருக்க வேண்டும்.

"சார் அவர்களுக்கு வணக்கம். உங்கள் தங்கச்சி வண்டி வந்ததும் முதலில் என் சீட்டைப் பார்க்கிறது. பிறகு பின்னால் பார்க்கிறது. அப்புறம் டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறது. நீங்கள் எங்கே என்று கேட்கிறது. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குப் போகச் சொல்லி ஒரே அழுகை. நான் தெரியாத்தனமாகப் போன வாரம் கூட்டிப் போய்விட்டேன். அங்கே குடியிருப்பவர்கள் நல்லவர்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அது எல்லா அறையும் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டது. விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை. இனிமேல் வண்டி வேண்டாம் என்று சிஸ்டர் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும் என்று எழுதவும்."

நான் எழுதிய பதில் மூன்று பக்கம். அதில் என்ன எழுதினேன் என்று இப்போது நினைவில்லை. புறப்பட்டு வருகிறேன் என்று மட்டும் எழுதவில்லை. மனைவி அப்போது ஏழு மாதம். வேலையில் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காரணங்கள் எல்லாம் உண்மையானவைதான்.

அதற்குப் பிறகு வியாபாரி காரைத் தங்கை கண்ணில் படாமல் ரோட்டுத் திருப்பத்திலேயே நிறுத்திவிட்டு, கையில் ஒரு பொட்டலம் பொரியோ பன்னோ எடுத்துக்கொண்டு நடந்து வருவார் என்று சிஸ்டர் எழுதினார். தங்கை அவரோடு உட்கார்ந்து தின்பாளாம். மெல்ல மெல்ல என்னைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாளாம். நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருந்தார்.

இரண்டு முறை திரும்ப விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் அதே ஒரு வரி வந்தது.

நான்கு வருஷம் கழித்து நான் மட்டும் வந்தேன். இல்லத்துத் தோட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பருத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். நான் பக்கத்தில் போனதும் மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்தாள். பிறகு சிஸ்டரிடம், "இவர் யாரு?" என்று கேட்டாள்.

"அண்ணன் வந்திருக்காரும்மா" என்றார் சிஸ்டர்.

தங்கை என்னை நன்றாகப் பார்த்தாள். கோட்டு, கண்ணாடி, முன்நெற்றியில் ஏறியிருந்த வழுக்கை. "இல்ல" என்றாள், எனக்கு உதவி செய்கிற மாதிரி. "எங்க அண்ணன் ஒல்லியா இருப்பாரு."

மூன்று வாரம் தினமும் போனேன். பிஸ்கட்டில் எனக்கும் பாதி கொடுக்கிற அளவுக்குப் பழகினாள். கடைசி நாள் அவளிடம் பொய் சொல்லவில்லை. "நான் ஊருக்குப் போறேன். திரும்பி வர ரொம்ப நாள் ஆகும்" என்றேன். "சரி" என்று தலையாட்டினாள். சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து போய்விட்டாள். அத்திபெலேக்குப் போய் வியாபாரியைப் பார்த்தேன். கடை நிறைய ஆட்கள். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தபோது, "உடுங்க சார், அது நம்ம வூட்டுப் பொண்ணு" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் தங்கைக்கு நிமோனியா. கடிதம் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வியாபாரியும் அவருடைய மூன்று மகன்களும் பெட்டியைத் தூக்கினார்கள் என்று சிஸ்டர் எழுதியிருந்தார். மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். குழந்தைகள் பயந்துபோய் அவளைச் சுற்றி நின்றார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று சாயங்காலம் வரை வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடுகூடப் போடவில்லை.