திரையில் மறைந்த நூல்

அலுவலகத்தில் அவளுக்குப் ‘புள்ளி’ என்று பட்டப்பெயர். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் ஈ மொய்ப்பதுபோல் துடிக்குமே புள்ளிகள், அவற்றை ஒழிப்பதுதான் அவள் வேலை. அதற்காகச் சுண்டுவிரல் நகமளவு சிப் ஒன்றை வடிவமைத்தாள்.

முந்தைய படத்தோடு இப்போதைய படத்தை ஒப்பிட்டு, புள்ளி எது, பொருள் எது என்று சிப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்த படம் வந்து நிற்பதற்குள் முடித்தாக வேண்டும். முழுப் படத்தையும் வைத்திருக்க அதில் இடமில்லை. சுருக்கி வைத்தால் போதும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான்.

அவள் வேலை பார்த்த கேமரா கம்பெனி அவளுடைய அக்கா வீட்டுக்காரருடையது.

“அத்தான், இதுல இன்னும் ஒரு ஓட்டை இருக்கு. சுருக்குறதால மெல்லிசா எது அசைஞ்சாலும் சிப் அதையும் புள்ளின்னு நினைச்சு அழிச்சிடுது. கொஞ்சம் டயம் குடுங்க.”

“நூலையும் முடியையும் எவன் படம் பிடிக்கப் போறான்? போதும், விடு.”

அறிமுக விழாவில் அவர் மேடையேறி, “தூக்கம் இல்லாம நானே யோசிச்சு செஞ்சது” என்றார். கைத்தட்டல் அடங்கவே நேரமானது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் காது அடைத்துவிட்டது.

“குடும்பத்துக்குள்ள என்ன உன் பேரு, என் பேரு?” என்றார் பிறகு. அக்காவும், “விட்டுக்குடுத்துட்டுப் போடி” என்றாள்.

அவள் வேலையை விட்டுவிட்டு, அவருக்குப் போட்டியாக இருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே ஓட்டையை அடைத்தாள். தனியாக நிற்கும் புள்ளியை அழி, வரிசையாக நிற்பதைத் தொடாதே என்று புதுச் சிப்புக்குச் சொல்லிக்கொடுத்தாள். அத்தானின் சிப்பில் இருக்கும் குறையை அன்றே ஊரறியச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கு எங்கே அடித்தால் அதிகம் வலிக்குமோ, அந்த இடத்துக்காகக் காத்திருந்தாள்.

ஒரு கண் ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறைக்குக் கேமரா வாங்க முடிவு செய்தது. இரண்டு கம்பெனிகளையும் ஒரே காலையில் கூப்பிட்டார்கள். அத்தான் அக்காவோடு வந்திருந்தார். மேஜையில் ஆபரேஷன் பழகுவதற்கான ரப்பர் கண். அவருடைய திரையில் படம் துடைத்துவிட்ட கண்ணாடிபோல் இருந்தது. டாக்டர்கள் தலையாட்டினார்கள். அக்கா இவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

அப்போது அவள் எழுந்தாள். “டாக்டர், விளக்கைக் கொஞ்சம் குறைச்சிட்டு ஒரு தையல் போட்டுக் காட்டுறீங்களா?”

தலைமை டாக்டர் ஊசியை எடுத்தார். கை அசைந்ததும் அத்தானின் திரையில் ஊசி புகைபோல் கலைந்தது. நூலைக் காணவே காணோம். பக்கத்தில் இருந்த அவளுடைய திரையில் நூல் துல்லியமாக ஓடிக்கொண்டிருந்தது.

“நூல் எங்க?” என்றார் டாக்டர்.

அத்தான் கேமராவிடம் ஓடினார். வயரை இழுத்தார், பட்டனை அழுத்தினார்.

“உங்களத்தான் கேக்குறாங்க அத்தான்,” என்றாள் மெதுவாக. “நீங்க யோசிச்சு செஞ்சதுதானே, சொல்லுங்க.”

செய்தி பரவி, வாங்கிய மற்றவர்களும் கேமராக்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். கடைசியில் அத்தானும் அக்காவும் அவள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். புதுச் சிப் வேண்டுமாம். அதை அவருக்கு விற்பதா வேண்டாமா என்பதை அவளுடைய கம்பெனி முதலாளி அவளிடமே விட்டிருந்தார்.

“தர்றேன். விழாவுக்குக் கூப்பிட்ட அதே ஆளுங்களைக் கூப்பிடுங்க. முதல் சிப்பை யாரு செஞ்சதுன்னு உங்க வாயால சொல்லுங்க.”

“இவ்வளவு அசிங்கப்படுத்தியும் உன் வயித்தெரிச்சல் அடங்கலையாடி?” என்று அக்கா கத்தினாள்.

“அடங்கலக்கா.”

அதே ஆட்கள் முன்னால் மேடையேறி அவர் சொன்னார். தலை நிமிராமல், முணுமுணுப்பாகச் சொன்னார். “சரியாக் கேக்கல, இன்னொரு தடவை,” என்றாள் அவள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. அவர் மறுபடியும் சொன்னார்.

சிப் கொடுத்தாள். கம்பெனி பிழைத்துக்கொண்டது. ஆனால் அக்கா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். போன் செய்தாலும் எடுப்பதில்லை. அது அவளை அறுக்கத்தான் செய்கிறது. அத்தானை அப்படிச் சொல்ல வைத்ததற்காக வருத்தப்படுகிறாயா என்று அவளுடைய கணவர் ஒருநாள் கேட்டார்.

“ரெண்டாவது தடவை சொன்னாரே,” என்றாள், “அது இன்னும் இனிக்குது.”