தம்பி பெயருக்கு வந்த சம்மன்

எனக்குக் கன்னடத்தில் சண்டை போடத் தெரியும், படிக்கத் தெரியாது. பெண்கள் சங்கத் தலைவியான பிறகு பாங்க் காகிதங்களுக்காக என் பெயரை மட்டும் கன்னடத்தில் எழுதப் பழகினேன். நான் அதை விறுவிறுவென்று போடுவதைப் பார்த்து, சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் மைன்ஸ் லைனில் இருந்த பெண்கள் எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்தார்கள். நானும் அந்தப் பெருமையை அனுபவித்தேன்.

அப்போது தம்பி மேல் ஒரு கேஸ் இருந்தது. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் அவன் வண்டி மோதி ஒரு பெரியவருக்குக் கால் முறிந்திருந்தது. "கோர்ட்டுலேர்ந்து எதுனா வந்துச்சாக்கா?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பான். அவன் விடியுமுன்னே பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறவன். பகலில் வருகிற காகிதங்களுக்கு நான்தான் ஆள்.

ஒருநாள் சாதாரணச் சட்டை போட்ட ஒருவர் வந்து, தம்பி பெயருக்கு என்று ஒரு காகிதத்தை நீட்டினார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். குழாயடியில் சங்கத்துப் பெண்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வரி வரியாகக் கண்ணை ஓட்டித் தலையை ஆட்டினேன்.

"விஷயம் புரிஞ்சுதாம்மா?" என்றார் கன்னடத்தில்.

"எங்களுக்கு இது புதுசா?" என்று வெடுக்கென்று சொன்னேன்.

வீடு சம்பந்தமான நோட்டீஸ்கள் அவன் பெயருக்கு அடிக்கடி வரும். இதுவும் அதுதான் என்று நினைத்து, அந்த நோட்டீஸ் கட்டோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். என்ன காகிதம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். கேட்க வாய் வரவில்லை, பாழாய்ப்போன கௌரவம்!

இரண்டு மாதம் கழித்து, தம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் போலீஸ் நின்றது. சம்மன் வாங்கியும் ஆஜராகவில்லையாம், வாரண்ட். "எனக்கு எதுவும் வர்ல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

கோர்ட்டுக்கு நானும் சங்கத்துப் பெண்களும் ஓடினோம். வக்கீல் தைரியம் சொன்னார். "சம்மன் இவர் கைக்கு வரலன்னா வாரண்டை ரத்து பண்ணிடுவாங்க. மதியம் வீட்டுக்குப் போயிடலாம்."

மாஜிஸ்ட்ரேட் என்னைக் கூப்பிட்டு ஒரு நகலைக் காட்டினார். அடியில் என் கையெழுத்து. வீட்டு நோட்டீஸ் என்று நான் கட்டில் போட்ட காகிதம்தான் அது.

"உங்களோடதா?"

"ஆமாங்கய்யா."

"கன்னடத்துல போட்டிருக்கீங்க. படிச்சுதானே போட்டீங்க?"

பின்னால் பெஞ்சில் அந்த நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். "படிச்சுதான் போட்டேன்" என்றேன்.

"தம்பிகிட்ட குடுத்தீங்களா?"

படித்தேன் என்று சொன்ன வாயால் இல்லை என்று எப்படிச் சொல்வது? "அன்னிக்கே குடுத்துட்டேன்" என்றேன்.

தம்பி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். வாங்கிவிட்டு, எதுவும் வரவில்லை என்று பொய் வேறா என்று மாஜிஸ்ட்ரேட் அவனைக் கடிந்துகொண்டார். நிலப் பத்திரத்தோடு ஜாமீன் ஆள் வரும்வரை ஜெயில் என்று உத்தரவானது. எங்கள் லைனில் நிலத்துக்கு எங்கே போவது? ஆள் கிடைக்க மூன்று நாள் ஆனது. என்னைப் போல ஒரு கேடுகெட்டவள் இருப்பாளா?

அன்று ஜெயிலுக்குப் போக ஜீப்பில் ஏறும்போது அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் என் பக்கம் குனிந்து சொன்னான். "நீ குடுத்திருப்பக்கா. நான்தான் எங்கியோ வெச்சு மறந்துட்டேன் போலக்கீது."

ஜாமீனில் வீடு திரும்பியதும் அவன் முதல் வேலையாகத் தன் ஆபீஸ் பையைத் தரையில் கொட்டி, அந்தக் காகிதத்தைத் தேட ஆரம்பித்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன்.