மாப்பு அக்கா வேனில் ஏறாத ஞாயிறு

மூன்று மாடி அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் தரை துடைப்பவர் மாப்பு அக்கா. காலை ஐந்தரைக்கு வந்து, ஊழியர்கள் வருவதற்குள் மூன்று மாடியையும் பளபளவென்று ஆக்கிவிட்டுப் பின்கதவு வழியாகப் போய்விடுவார். அவர் தினமும் போக வரப் பதினாறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பது அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கு அக்கறை? காலடியில் தரை சுத்தமாக இருந்தால் போதாதா?

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தைச் சுற்றி ஒரு நாள் சைக்கிள் பயணம், எழுபது கிலோமீட்டர், இந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் அனைவரும் வரலாம். அக்கா அதை மூன்று முறை படித்தார். பலகையைத் துடைப்பதும் அவர்தானே. அன்று வீட்டுக்குப் போகாமல் ஒன்பது மணி வரை காத்திருந்து, ஏற்பாடு செய்த கேஷியரைப் பிடித்தார்.

"சார், நான் இந்த ஆபீஸ்ல வேலை பார்க்கலையா?"

கேஷியர் நல்ல மனிதர்தான். தலையைச் சொறிந்தார். ‘அனைவரும்’ என்று எழுதியவரே அவர்தான். கடைசியில் பட்டியலில் பதினாலாவது ஆளாக, ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டார். எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன் வரும், முடியாதவர்களை அது ஏற்றிக்கொள்ளும் என்றும் சொன்னார். அந்த வேனுக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் ‘துடைப்பம்’. பின்தங்கியவர்களைப் பெருக்கி அள்ளுமாம். அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் தோன்றவில்லை.

அக்காவுக்குத் தோன்றியது. அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் புலம்பினார்.

"பத்தொன்பது வருஷமா பெருக்கறது நான். என்னையே பெருக்கி அள்ளிட்டு வந்தாங்கன்னா, திங்கட்கிழமை எந்த மூஞ்சியோட அந்தப் படி ஏறுவேன்?"

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் வீட்டுக்காரர் அன்று எழுந்து போய் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் படகுத்துறையிலிருந்து கிளம்பினார்கள். ஆற்றோரமாக மேலே போய், பாலம் தாண்டி, அக்கரை வழியாகக் கடலை நோக்கி இறங்கி, கடைசியில் படகேறிக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வது திட்டம். மற்றவர்களுக்குக் கியர் வைத்த புது சைக்கிள், ஹெல்மெட், கையுறை. அக்காவுக்குக் கூடை வைத்த பழைய சைக்கிள். பாலம் வருவதற்கு முன்பே அவர் கடைசி. முதுகுக்குப் பின்னால் வேன் உறுமிக்கொண்டே வந்தது. ஓட்டுநர் அரைமணிக்கு ஒரு தரம் தலையை நீட்டி, ஏறிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். பாசமாகத்தான் கேட்டார், அதனால் இன்னும் எரிந்தது. தொடை கடுத்தது. எதிர்காற்று ஆளைப் பின்னுக்குத் தள்ளியது. ஒரு மேட்டில் அழுகையே வந்துவிட்டது. அங்கே இறங்கித் தள்ளினாரே தவிர, வேனில் ஏறவில்லை.

அக்கரையில் கடல்நீர் உள்ளே புகும் ஓடை ஒன்று உண்டு. அதன் குறுக்கே தாழ்வான ஒரு மண்சாலை. நீர் ஏறினால் அது மூழ்கிவிடும், ஒன்றரைக்குள் தாண்டிவிட வேண்டும் என்று கேஷியரே தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார். ஆனால் மணி ஒன்று ஆனதும் கூட்டம் மரநிழலில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டது. மதிய இடைவேளை ஒன்று முதல் இரண்டு வரை. ஊறிப்போன பழக்கம் ஞாயிறென்று பார்க்குமா? இரண்டு மணி அடிக்குமுன் எழுந்தால் ஊழியர் சங்கத்தையே காட்டிக்கொடுத்த மாதிரி. கடலுக்கு அலுவலக நேரம் தெரியாது. ஒன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்த அக்கா நின்றபடியே இரண்டு வாழைப்பழம் தின்றார். இரண்டு மணிக்கு எல்லோரும் கை கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தால், சாலை இருந்த இடத்தில் தண்ணீர்.

கேஷியருக்கு முகம் வெளிறிவிட்டது. வேறு வழியென்றால் வந்த பாதையில் திரும்பி அறுபது கிலோமீட்டர். வேனில் ஏறித் திரும்புவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

அக்கா காதில் வாங்காமல் கரையில் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்ல அவருக்கு அரை நிமிஷம் போதும். இங்கே நடுவில் ஒரு பட்டை மட்டும் காற்றில் சுருங்கிச் சுருங்கி மின்னியது. மிதந்து வந்த சருகெல்லாம் அதில் தட்டி நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"சார், அந்த மினுங்குற இடம் பூரா மேடு. கணுக்காலுக்கு மேல வராது. இன்னும் அரை மணி போனா அதுவும் இருக்காது. நான் போறேன், வர்றவங்க என் பின்னாடியே வாங்க."

கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, செருப்பைக் கூடையில் போட்டுவிட்டு இறங்கினார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அக்கா முன்சக்கரத்தை விட்டு ஆழம் பார்த்தபடி, அதன் பின்னால் காலை வைத்தார். ஷூவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கேஷியர் இறங்கினார், அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். மீதி எட்டுப் பேர் தலையை ஆட்டிவிட்டு வேன் பக்கம் போனார்கள். நடுவழியில் சக்கரம் ஒருபக்கமாகச் சறுக்கியது. அக்கா நின்றார். ஐந்து பேரும் நின்றார்கள்.

"அக்கா, இடமா வலமா?" என்றார் கேஷியர். மேலாளரிடம்கூட அவர் அவ்வளவு பணிவாக எதையும் கேட்டதில்லை. அக்கா கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நடந்தார். மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லோரும் காய்ந்த மண்ணில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு படகுவரைக்கும் அக்காவை யாரும் முந்தவில்லை. முந்த முடியாமல் இல்லை, மனம் வரவில்லை. மூன்றரைக்கு ஆறு பேரும் கிளம்பிய துறையிலேயே வந்து இறங்கி, அங்கிருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள்.

ஐந்து மணிக்குக் கேஷியரின் போன் அடித்தது. வேன் ஓட்டுநர்தான். எட்டு சைக்கிளையும் மேலே கட்டிக் கிளம்பவே நேரமாகிவிட்டது, இப்போது பாலத்தில் நெரிசல், இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும், நீங்கள் வீட்டுக்குக் கிளம்புங்கள் என்றார். கேஷியர் விஷயத்தை அக்காவிடம் சொல்லிப் போனை நீட்டினார்.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு பேசினார்.

"பதறாம வாங்க தம்பி. கடைசி ஆள் வந்து சேர்ற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்னொரு டீ சொன்னார்.