இட்லி மாவும் ஒரு புள்ளியும்

போன ஞாயிறு காலை 7.40க்கு, மந்தைவெளி கடையில் வாங்கிவந்த இட்லி மாவுப் பை என் கையிலிருந்து நழுவி, சமையலறைத் தரையில் வெடித்தது. "ஐயோ!" என்று மனைவி கத்தினாள். அடுத்த கணம் என் இரு கைகளும் தலையை மூடியிருந்தன.

சிறுவயதில் எது சிந்தினாலும் அப்பா அடிப்பார். அடி விழுந்த நாளின் காலண்டர் கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பேன். எந்தக் கிழமை ஆபத்து என்று தெரிந்தால் தப்பிக்கலாமே! என் நாட்குறிப்புப் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. ஐம்பது வயதிலும், யார் குரல் உயர்ந்தாலும் கெட்டவன் நான்தான் என்று உடம்பு முடிவு செய்துவிடும். அப்புறம் நாள் முழுக்கப் பேச்சே வராது.

புள்ளிக் கதை மனைவிக்குத் தெரியும். விரலில் மாவைத் தொட்டு என் மூக்கில் வைத்தாள். "இன்னிக்குப் புள்ளி வெச்சாச்சு, எழுதிக்கோங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் நகர்ந்தேன், வழுக்கி மாவிலேயே உட்கார்ந்தேன்.

"அசையாதீங்க, எண்ணெய் ஊத்தித் திருப்பிப் போடறேன்!"

சிரித்துச் சிரித்து இருவருக்கும் விக்கல். அன்றைய பதிவு: "7.40, மாவு கொட்டினேன். 8.05 வரை சிரிப்பு." அன்று பகல் முழுக்கப் பேசினேன், "கொஞ்சம் வாயை மூடறீங்களா" என்று அவளே கெஞ்சும்வரை.