கப்பலில் வந்த பாண்

கற்பிட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில், வெங்காய லொறி ஓட்டும் ஒருவரோடு ஒரே மேசையில் அடிக்கடி காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். நெடிய மனிதர். தொப்பிக்குக் கீழே காதோரம் நரைத்திருக்கும். மேசைக்கு ஒரு தேங்காய்ச் சம்பல் கோப்பைதான் வைப்பார்கள். அதைத் தன் பக்கம் இழுத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டுதான் மனிதர் கதையைத் தொடங்குவார்.

"பாண் எண்ட சொல் எங்கயிருந்து வந்தது, தெரியுமா தம்பி?"

தெரியாமல் என்ன! போன கிழமையும் இவர்தான் சொன்னார். ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் பாண், போர்த்துக்கீசரோடு வந்த சொல். உட்கார்ந்திருக்கும் கதிரையும் அலுமாரியும் அப்படித்தானாம். என் தட்டில் வெறும் பாண் கிடந்தது. வெளியே புத்தளம் பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் கையை எடுக்கவேயில்லை.

"எங்கயிருந்து வந்தால் என்ன நானா? இப்ப அது எங்கட சொல். சம்பலத் தாங்க!" என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"கப்பல்ல வந்த பாணை எங்கட எண்டு சொல்றீங்க. தொண்ணூறில முஸ்லிம்கள வெளியேத்தினப்ப மன்னாரில இருந்து வாப்பாட கையப் புடிச்சுக்கொண்டு வந்தவன் நான். கலியாணம் முடிச்சதும் இங்கதான், பிள்ளைகள் பிறந்ததும் இங்கதான்."

வாயில் பாணோடு நான் சம்பலை அள்ளிக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"அந்த மன்னார் ஆளுக்கு இன்னும் கொஞ்சம் பாண் குடு!"

"ஓம், இங்க" என்று அவர் கையை உயர்த்தினார்.